இருபத்து நான்கு முட்டைகளும் ஒரு ஈரத்துணியும்

வீட்டில் ஆளில்லாதவன் எல்லாவற்றுக்கும் முதலில் கை தூக்குவான். மரண வீட்டில் கதிரை அடுக்க வேண்டுமா, கோயிலில் பாத்திரம் கழுவ வேண்டுமா, லீவு நாளில் யாராவது டியூட்டி பார்க்க வேண்டுமா, என் கைதான் முதலில் மேலே நிற்கும். பார்ப்பவர்கள் என்னைப் பொறுப்பான மனிதன் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அவர்களைத் திருத்தப் போனதில்லை.

அப்படிக் கை தூக்கித்தான் ஒரு தீபாவளிக்கு இருபத்து நான்கு முட்டைகளோடு தனியாக மாட்டிக்கொண்டேன்.

பதுளையிலிருந்து பசறை போகும் ரோட்டில், தேயிலை மலைக்கு நடுவே ஒரு சின்ன ஆய்வுக்கூடம். முட்டைக்குள் கோழிக்கரு எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. பார்ப்பது மற்றவர்கள். நான் உதவியாளன், கழுவுவேன், துடைப்பேன், எழுதி வைப்பேன். மனைவி செல்வி குவைத்துக்குப் போய் அப்போது மூன்றாவது வருடம். மகள் கவிதா மட்டக்களப்பில் தாதியர் பயிற்சியில். கூடத்துக்குப் பின்னால் இருந்த குவாட்டர்ஸில் ஒரு கோப்பை, ஒரு கரண்டி, ஒரு நான். (கழுவ லேசு என்று கேட்பவர்களிடம் சொல்வேன்.)

ஆராய்ச்சி ரிஸ்வானா மிஸ்ஸுடையது. பண்டாரவளைக்காரி, வயதில் என்னைவிடப் பதினைந்து குறைவு, மூளையில் அதைவிடவும் கூடுதல். அடைகாக்கும் கோழி தீனி பொறுக்க எழும்பும்போது முட்டை கொஞ்சம் குளிர்ந்துவிடும் அல்லவா, மலைநாட்டில் இன்னும் கூடக் குளிரும். அந்தக் குளிர் உள்ளே இருக்கும் கருவின் இதயத்தை என்ன செய்கிறது? பலவீனமாக்குகிறதா, உறுதியாக்குகிறதா? இதுதான் மிஸ்ஸின் கேள்வி. ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கமிட்ட முட்டைகள் எப்போதும் அடைகாப்புப் பெட்டியின் சூட்டிலேயே இருக்கும். பதின்மூன்று முதல் இருபத்து நான்கு வரை தினமும் இரண்டு மணித்தியாலம் வெளியே எடுத்துக் குளிர வைக்கப்படும். பன்னிரண்டாம் நாள் திறந்து இரண்டு கூட்டத்தின் இதயங்களையும் ஒப்பிடுவார். மை ஓட்டுக்குள் இறங்கிவிடும் என்பதால் இலக்கமெல்லாம் பென்சிலில்தான்.

அந்த இருபத்து நான்குதான் கடைசித் தொகுதி. முட்டை தந்த கோழிக் கூட்டம் இடுவதை நிறுத்திவிட்டது. மிஸ்ஸின் ஒரு வருட வேலை அந்தப் பெட்டிக்குள் கதகதப்பாகக் கிடந்தது.

தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள். மிஸ் வாசலில் நின்று, "தியாகு அண்ணே, தனியா சமாளிப்பீங்களா?" என்று கேட்டார்.

"தனியா இருக்கிறதுல நான் டிகிரி முடிச்சவன் மிஸ்" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பை வைத்து நான் அன்று முழுவதும் ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை, தீபாவளியன்று காலையில் குளித்து, புதுச் சட்டை போட்டு, முட்டைகளைத் திருப்பி வைத்தேன். செல்வி நான்கு நிமிடம் பேசினாள்; அவள் வேலை செய்யும் வீட்டில் விருந்தாம். கவிதாவுக்குப் பரீட்சை, வரவில்லை. இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகத் தூக்கிப் பார்த்தேன். மிஸ் காட்டித் தந்ததுதான். சிவப்பு நரம்புகள் வேர் மாதிரி ஓடும், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அது கண். ஏழாம் இலக்கத்தைத் தூக்கியபோது உள்ளே இருந்தது ஒரு உதை உதைத்தது. அன்றைக்கு என்னைப் பார்த்து அசைந்த உயிர் அது ஒன்றுதான். "உனக்கும் தீபாவளி வாழ்த்து" என்று சொன்னேன். (சத்தமாகவே சொன்னேன். கேட்க யார் இருக்கிறார்கள்?)

மறுநாள் காலை பெய்த மழையில் எங்கேயோ மண் சரிந்து மரம் விழுந்து கரண்ட் போனது.

கரண்ட் போனால் ஜெனரேட்டர். அதைத் திங்கட்கிழமைதோறும் பரிசோதித்து "டீசல் உண்டு" என்ற கட்டத்தில் சரி போடுவது என் பொறுப்பு. பதினான்கு மாதமாக ஒரு திங்களும் தவறாமல் சரி போட்டிருக்கிறேன். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை. உள்ளே ஒரு சிலந்தி குடும்பத்தோடு இருந்தது. என்னைவிட அதற்கு வீடு நிறைந்திருந்தது.

பெட்டியின் சூடு இறங்க ஆரம்பித்தது. மிஸ்ஸுக்கு அழைத்தேன், சிக்னல் இல்லை. தண்ணீர் கொதிக்க வைத்துப் போத்தல்களில் நிரப்பிப் பெட்டிக்குள் வைத்தேன், அரை மணித்தியாலத்தில் ஆறியது. ஆறு முட்டைகளை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு கட்டிலில் மல்லாக்கப் படுத்துப் பார்த்தேன். தும்மல் வந்தது. எழும்பிவிட்டேன். பாதி முட்டைகளை மிஸ்ஸே தினமும் இரண்டு மணித்தியாலம் குளிர வைக்கிறார், கொஞ்ச நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. தினமும் அவற்றை வெளியே எடுத்து வைத்தவன் நான்தான். பயம் வந்தால் எனக்குள் முதலில் அணைகிற பல்ப் மூளை.

அப்போதுதான் கீழே லயத்து வரிசை வீட்டில் இருக்கும் முத்துலெச்சுமி அக்கா ஞாபகத்துக்கு வந்தார். கொழுந்து பறிக்கிறவர். ஊர்க்கோழி வளர்ப்பதில் அந்தத் தோட்டத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முதல் நாள் முறுக்குக் கொடுத்தனுப்பும்போது, இரண்டு கோழி அடைக்குப் படுத்துவிட்டது, வைக்க முட்டை போதாது என்று சொல்லியனுப்பியிருந்தார்.

இருபத்து நான்கையும் பஞ்சுக்குள் புதைத்து ஒரு வாளியில் வைத்து, மேலே என் ஸ்வெட்டரைப் போர்த்தி, மழையில் தேயிலைக்குள் இறங்கினேன். இரண்டு இடத்தில் வழுக்கியது. இரண்டு தடவையும் வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தே சறுக்கினேன். லயத்து வாசலுக்குத் தலையில் வாளியோடு நான் போய்ச் சேர்ந்த கோலத்தைப் பார்த்து, கோயில் கரகம் பாலிச்சுத் தூக்கிக்கிட்டுத் தனியாவா வந்தீங்க என்று அக்கா கேட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் வாளியை வாங்கிக்கொண்டார். நானும் பின்னாலேயே போனேன். அக்கா வாசலில் கையை நீட்டி மறித்தார்.

"நீங்க இஸ்தோப்புலயே உக்காருங்க தம்பி. அடைக்கு வைக்கிறப்ப ஆம்பள நெழல் பட்டா கோழி எந்திரிச்சிரும்."

நான் விஞ்ஞானக் கூடத்தில் வேலை செய்கிறவன். அதெல்லாம் இல்லை அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இஸ்தோப்பு என்ற அந்த முன்திண்ணையில் நெருப்புச் சட்டி இருந்தது, இஞ்சித் தேத்தண்ணி வந்தது, பக்கத்து வீட்டுக் காம்பராவில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளில் முதல் தடவையாக மனிதச் சிரிப்புச் சத்தம். உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், உள்ளே நடப்பதை மறந்தேவிட்டேன்.

இரண்டாவது கோப்பை முடிகிற நேரத்தில் அக்கா வெளியே வந்தார். கையில் ஒரு ஈரத்துணி. துணி முழுக்கச் சாம்பல் நிறம்.

"வச்சாச்சு. ஒத்தப்படையாத்தான் வைக்கணும், அதனால எங்க முட்டையில ஒண்ணு ஒண்ணு போட்டுப் பதிமூணு பதிமூணா வச்சிருக்கேன். இடிச் சத்தத்துல முட்டை கெட்டுப்போகாம இருக்க ஆணியும் கரித்துண்டும் போட்டாச்சு. பாவம், யாரோ முட்டை பூராவும் கிறுக்கி வச்சிருந்தாங்க தம்பி. எல்லாத்தையும் சுத்தமாத் தொடைச்சு, கரியில ஒரு கோடு போட்டுட்டேன்."

அவர் முகத்தில் ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்து முடித்த நிறைவு. அதைப் பார்த்து நான் என்ன சொல்ல முடியும்? "ரொம்ப நன்றிக்கா" என்றேன். பிறகு மழைக்குள் இறங்கி, கூடத்துக்கு வந்து, கழுவ ஒன்றுமில்லாத தொட்டியை இரண்டு தடவை கழுவினேன்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் வந்தது. இரண்டு கோழிகளிடமும் கொத்து வாங்கி இருபத்தாறையும் மீட்டு வந்தேன். டோர்ச் பிடித்ததில் அக்காவின் இரண்டும் உள்ளே ஒன்றுமில்லாமல் தெளிவாகத் தெரிந்தன, பிரித்துத் திருப்பிக் கொடுத்தேன். மீதி இருபத்து நான்கும் உயிரோடு. இருபத்து நான்கும் ஒரே மாதிரி. எது எப்போதும் சூட்டில் இருந்தது, எது குளிர்ந்தது என்று அவற்றுக்குத்தான் தெரியும்.

மேசையில் ஒரு பென்சில் கிடந்தது.

அக்காவின் கரிக்கோடுகளைத் துடைத்துவிட்டு, ஒன்று என்று எழுதினேன். பிறகு இரண்டு. மிஸ்ஸின் எழுத்து எனக்குப் பாடம். அவருடைய ஏழுக்கு இடுப்பில் ஒரு சின்னக் கோடு இருக்கும், அதையும் போட்டேன். இருபத்து நான்கு வரை எழுதி முடிக்கக் கால் மணித்தியாலம் ஆகவில்லை. எழுதி அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் வெள்ளிக்கிழமை இருந்த பெட்டி அப்படியே இருந்தது. நான் அந்தக் கூடத்தில் செய்த வேலைகளிலேயே திருத்தமானது அதுதான். அன்று பின்னேரம் எந்த முட்டையிடமும் நான் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை மிஸ் வந்தார். ரோட்டில் கிடந்த மண்ணைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நின்றுவிட்டதாம். ஓடி வந்து பெட்டியைத் திறந்தார். இருபத்து நான்கும் இருந்தன. ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், அது அசைந்தது. மிஸ்ஸின் கண் கலங்கிவிட்டது.

"எப்படி அண்ணே காப்பாத்தினீங்க? உம்மா கிட்ட ராத்திரி முழுக்கச் சொல்லிட்டு இருந்தேன், தியாகு அண்ணன் இருக்கார், அவர் பார்த்துக்குவார்ன்னு."

ஏதாவது ஒரு ஜோக் சொல்லியிருக்கலாம். வாயில் ஒன்று வந்தும் நின்றது. என்னைப் பற்றி ஒரு வீட்டில் ராத்திரி பேசியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாத ஒரு உம்மா என் பெயரைக் கேட்டிருக்கிறார். அது தாங்க முடியாமல் இருந்தது.

"இந்த நம்பர் எல்லாம் நான் போட்டது மிஸ்" என்றேன். "பொய் நம்பர்."

பிறகு டீசல், வாளி, ஈரத்துணி எல்லாம் வரிசை மாறி வெளியே வந்தன. மிஸ் கதிரையில் உட்கார்ந்தார். திட்டவில்லை. கையில் இருந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா, நான் இதை உண்மைன்னு எழுதியிருப்பேன்" என்றார் கடைசியில். "என் பேரைப் போட்டு எழுதியிருப்பேன் அண்ணே."

அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. புதுக் கோழிகள் வந்து, அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய இன்னும் ஒரு வருடம் ஆனது. நானும் கூடவே இருந்தேன், டீசல் கேனை வாரத்தில் நான்கு தரம் திறந்து மோந்து பார்த்தபடி. இலக்கமில்லாத அந்த இருபத்து நான்கையும் உடைத்துப் பார்த்து எந்தப் பிரயோசனமும் இல்லை என்று மிஸ் பொரிக்க விட்டுவிட்டார். ஒன்று மட்டும் வெளியே வரவில்லை. அது எந்த முட்டை என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. ஏழாம் இலக்கமாக இருக்கக்கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். மீதி இருபத்து மூன்றும் முத்துலெச்சுமி அக்காவிடம் போயின. லயத்தில் அவற்றுக்குத் "தியாகு புள்ளைங்க" என்று பெயர். இரண்டு நாளைக்கு நான் கீழே போகாவிட்டால், "அப்பாவக் காணோம்னு தேடுதுங்க" என்று ஆள் வரும். போவேன். எனக்கும் தேத்தண்ணி கிடைக்கும்.

போன மாதம் கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். குவாட்டர்ஸில் இடம் போதாமல் பாதிப் பேர் வெளியே நின்றார்கள். செல்விக்கு இந்தத் தடவையும் லீவு கிடைக்கவில்லை. போனை ஒரு சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தோம், அவள் குவைத்திலிருந்து அதற்குள் தெரிந்தாள். மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்கு, "உங்களுக்கு எத்தனை புள்ளைங்கம்மா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுதாங்க" என்றாள் செல்வி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "நான் இங்க வந்த பெறகு அவரு தனியா இருபத்து மூணு பெத்துக்கிட்டாரு."

மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பிய பார்வையை இந்தப் பிறவியில் மறக்க மாட்டேன். கவிதா முழுக் கதையையும் சொல்லி முடித்த பிறகுதான் அவர் தட்டிலிருந்த கேசரியைத் தொட்டார். சம்பந்தம் பேசி முடிந்தது.

எல்லோரும் போன பிறகும் செல்வி போனில் சிரித்துக்கொண்டேயிருந்தாள். பதினோரு நிமிடம். எங்கள் கணக்கில் அது நீண்ட நேரம். படம் உறைந்து, அவள் சிரித்த வாய் சிரித்தபடியே நின்றது. நான் உடனே கட் பண்ணவில்லை.