போர்டு எழுதியாகிவிட்டது, கம்பெனிதான் வேண்டாமாம்

கீத்லி,
வியாழக்கிழமை

அன்புள்ள தங்கை ஹிலரிக்கு,

அண்ணன் வெர்னான் எழுதுவது. நானும் உன் அண்ணி டோரீனும் மகள் ஹெதரும் சுகம். உன் முழங்காலும் ஸ்கார்பரோவின் கடல் காற்றும் சண்டையில்லாமல் இருக்கின்றன என்று நம்புகிறேன்.

ஹெதர் குடைக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். நான் லிமிடெட் கம்பெனி என்றேன், தோற்றுப்போனேன். நடந்தது இவ்வளவுதான். வாசலில் புதுப் போர்டைப் பார்த்துவிட்டு, நான் கடையை மூடிவிட்டதாக உனக்கு ஃபோன் செய்து சொன்னவளிடம், கம்பளமும் திரைச்சீலையும் முன்போலவே கிடைக்கும், அவள் போன வருடம் அளவெடுக்கச் சொல்லிவிட்டு ஓடியது எனக்கு நினைவிருக்கிறது என்று சொல்லிவிடு.

முதலிலிருந்து சொல்கிறேன். வீட்டுக் கடன் சங்கத்தில் ஒன்பது வருடம் கணினி நிரல்களைச் சோதித்துக்கொண்டிருந்த பெண், நிரந்தர வேலையை விட்டுவிட்டு லீட்ஸில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் போகிறேன், நாள் கணக்கில் கூலி, கூலியும் கூடுதல் என்று வந்து நின்றாள். எனக்கு வாயெல்லாம் பல். இத்தனை வருடம் கழித்து நம் ரத்தம் பேசுகிறது என்று நினைத்தேன். ஆனால் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரன் அந்தக் கூலியை நேராக இவள் கையில் தரமாட்டானாம். ஒன்று, குடைக் கம்பெனி என்கிற ஒன்றில் இவள் சேர வேண்டும், குடை விற்கிற கம்பெனி இல்லை. அவர்கள் இவளைத் தங்கள் ஊழியராக எழுதிக்கொண்டு, ஏஜென்சியிடம் பணம் வாங்கி, வரியையும் தங்கள் கட்டணத்தையும் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தோறும் சம்பளச் சீட்டு தருவார்கள். இல்லையென்றால், இவளே சொந்தமாக லிமிடெட் கம்பெனி தொடங்கி பில் போட வேண்டும். எது என்று வெள்ளிக்குள் சொல்லாவிட்டால் வேலை வேறொருவனுக்கு.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, நீயே சொல். மார்க்கெட்டில் துண்டு விற்று மேலே வந்தவன் நான். இன்னொருவன் குடைக்குள் நின்று வாரா வாரம் அதற்கு வாடகையும் கொடுக்கிறவளா என் மகள்? அன்று சாயங்காலமே போர்டு எழுதும் மால்கமைக் கூப்பிட்டுவிட்டேன். பச்சைப் பலகை, பொன்னிற எழுத்து, "கிரீன்வுட் அண்ட் டாட்டர் லிமிடெட்". கடை வாசலில் பழைய போர்டின் மேலேயே மாட்டியும் ஆகிவிட்டது. பிறகுதான் கம்பெனி என்று ஒன்று பதிவாக வேண்டுமே என்று ஞாபகம் வந்து டோரீனைக் கணினி முன்னால் உட்கார வைத்தேன். எனக்கு அந்தத் தட்டச்செல்லாம் ஒத்துவராது. பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டு, அவள் ஏதோ தட்டி, ஏதோ கேட்டு, நான் ஏதோ சொல்லி, வேலை முடிந்தது. ஹெதரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நீ சொல்வாய். டோரீனும் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஒருவர் புதுப் பேரைப் பார்த்துவிட்டு, கடையைக் காலி செய்யும் விற்பனை எப்போது என்று கேட்டார். இன்னொருவர் கணினி தெரிந்த மகள் கடை போட்டுவிட்டாள் என்று நினைத்து, திரை உடைந்த மடிக்கணினியைக் கல்லாவில் வைத்துவிட்டு "மகள் இருக்காங்களா?" என்றார். அந்த நேரம் பார்த்து ஹெதர் வந்து சேர்ந்தாள். போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இது என்ன?"

"உன் கம்பெனிம்மா."

"நான் கேட்டேனா?"

"பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கித் தந்தப்ப மட்டும் கேட்டியா?"

"சைக்கிளுக்கு வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் பண்ண வேண்டாம்பா."

பிறகு உட்கார்ந்து விளக்கினாள். இவள் போகிற இடத்தில், இவளைச் சம்பளக்காரியைப் போலவே பார்த்து வரி பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்து எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அப்புறம் சொந்தக் கம்பெனி வைத்தால் வரியில் ஒரு காசு மிச்சமில்லை, கணக்கு எழுதுகிறவருக்குத் தண்டம் அழுவதுதான் மிச்சம். சரி, அது வியாபாரம், எனக்குப் புரியும். ஆனால் அதற்கு மேல் ஒன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பிங்லியில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள், கால்வாய்ப் பக்கம், பின்னால் துளியூண்டு தோட்டம். கடன் கொடுக்கிறவன், சொந்தக் கம்பெனி என்றால் இரண்டு வருடக் கணக்கு கொண்டுவா என்கிறான். சம்பளச் சீட்டு என்றால் மூன்று மாதத்தது போதும் என்கிறான். வீட்டை விற்கிறவரும் அந்த மூன்று மாதம்தான் காத்திருப்பாராம்.

"எனக்கு போர்டு வேண்டாம்பா. வீடுதான் வேணும்," என்றாள். ஹிலரி, நான் ஏணியைக் கொண்டுவந்து போர்டைக் கழற்றினேன்.

ஆனாலும் சரக்கைப் பார்க்காமல் கை நீட்டுகிறவன் நான் இல்லை. குடைக் கம்பெனியின் அலுவலகம் ஸ்டாக்போர்ட்டில் என்றாள், வண்டியை எடு என்றேன். அங்கே ஆஷ்லி என்று ஒரு பையன், நல்ல பிள்ளை, பிஸ்கட் தட்டை நீட்டினான். கிடங்கைக் காட்டு என்றேன். "கிடங்கெல்லாம் இல்ல சார், நாங்க சம்பளம் போடறவங்க," என்றான். காகிதத்தைப் பார்த்தால், முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டுப் பங்கையும் இவள் கூலியிலிருந்தே எடுக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கடைக்காரன் கரண்ட் பில்லை வாங்க வர்றவன் தலையில கட்டறதா?" என்றேன். ஹெதர் என் காலை மிதித்து, ஏஜென்சி அதையும் சேர்த்துத்தான் கூலியைக் கூட்டிச் சொல்லியிருக்கிறது என்றாள். அப்போதுதான் விளங்கியது. கூடுதல் கூலி என்று நான் குதித்தது மொத்த விலை, கைக்கு வருவது வேறு.

கட்டணமாவது குறையட்டும் என்று இறங்கினேன். வாரம் இருபத்திரண்டு பவுண்டு என்றான். பன்னிரண்டு என்றேன். அது எல்லாருக்கும் ஒரே விலை என்றான். நம் வழக்கப்படி தொப்பியைக்கூட எடுக்காமல் எழுந்து நடந்தேன். கதவு வரை போனால் கூப்பிடுவான் இல்லையா? கூப்பிடவில்லை. தெரு வரை போனேன். மழையில் நின்றேன். ஸ்டாக்போர்ட்டில் இந்தப் பழக்கமே கிடையாது போலிருக்கிறது. கடைசியில் தொப்பியை எடுக்க வந்தவன் போல உள்ளே நுழைந்தால், ஹெதர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். விடுமுறைப் பணத்தை வாராவாரம் தருவீர்களா, சேர்த்துத் தருவீர்களா, சீட்டு எந்த நாள் வரும் என்று அமைதியாகக் கேட்டுக் கேட்டே, முதல் மாதக் கட்டணம் இல்லை என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாள். எழுந்திருக்கக்கூட இல்லை.

திரும்பும் வழியெல்லாம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "கோபமாப்பா?" என்றாள். கோபமில்லை ஹிலரி. நான் இத்தனை வருடம் நடந்து நடந்து வாங்கியதை இவள் உட்கார்ந்தே வாங்கிவிட்டாள்.

ஆகவே உன் பையனும் ஒப்பந்த வேலை என்று ஆரம்பித்தால், முதலில் எந்த இடத்து வேலை, வரி எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்கச் சொல். போர்டைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். எங்கள் போர்டு கம்பளச் சுருள்களுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. அந்தக் கம்பெனியை அடுத்த வாரம் மூடிவிடுவேன். இனி இந்த வீட்டில் ஒப்பந்தம், பில் என்ற பேச்சே எழாது.

மாப்பிள்ளை கிளிஃபோர்டுக்கு என் அன்பு. குளிரில் வெளியே அலையாதே. உன் கூரை ஒழுகாமலும் அடுப்பு அணையாமலும் இருக்கட்டும்.

அன்பு அண்ணன்,
வெர்னான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டோரீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கம்பெனியை மூட முடியாதாம். இயக்குநர் அவள்தானாம். "அன்னிக்கு யார் பேருன்னு கேட்டேன். உன் பேரையே போடு, எனக்குத்தான் ஒரு கடை இருக்கேன்னு நீதானே சொன்ன வெர்னான்," என்றாள். முப்பது வருடமாக என் கடைக் கணக்கைச் சும்மா எழுதுகிறாள், இனி பில் போட்டு எழுதுவாளாம், நாளுக்கு நூற்றுப்பத்து பவுண்டாம். போர்டில் டாட்டர் என்றிருக்கிறதே என்றேன். "நானும் ஒருத்தருக்கு மகள்தான் கண்ணு. அப்படியே இருக்கட்டும்," என்றாள். நான் தொண்ணூறு என்றேன், எழுந்து கதவு வரை நடந்தேன். "வரும்போது பால் வாங்கிட்டு வா," என்றாள். பாலோடு திரும்பி வந்து நான் ஒப்புக்கொண்டது: வாரம் இரண்டு நாள், நாளுக்கு நூற்றுப்பத்து பவுண்டு, பில் வந்த ஏழு நாளில் பணம், வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும் என் செலவு.