செங்கம் ரோட்டு சாமியின் டியூஷன்

"நிலக்கடலைக்குத் தண்ணி நிறைய வேணும். சரியா, தப்பா, தகவல் இல்லையா?" புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார் சக்கரபாணி.

"தப்பு," என்றாள் அவர் மனைவி யமுனா.

"பத்தியில தண்ணியப் பத்திப் பேச்சே இல்ல. தகவல் இல்லைன்னு போடணும்."

"எங்கப்பா வருஷா வருஷம் கடலை போடறாரு. எனக்கா தகவல் இல்ல?"

"உங்கப்பாவும்தான் பத்தியில இல்ல!"

லண்டன் ஆஸ்பத்திரிகள் நம்மூர் நர்சுகளை ஆள் விட்டுத் தேடிய வருடங்கள் அவை. யமுனாவுக்கும் ஒரு வேலை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஆங்கிலத் தேர்வின் வாசிப்புத் தாள்தான் போன முறை காலை வாரிவிட்டது. இந்த முறையும் விட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

ஆசிரமங்கள் நிறைந்த செங்கம் ரோட்டில் சக்கரபாணி வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கே சைக்கிள் எடுக்கும் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவரை எல்லோரும் 'சாமி' என்பார்கள்.

"வெள்ளைக்காரங்கிட்டயே இங்கிலீஷ் கத்துக்கலாம், வா," என்று இட்லித் தூக்கோடு மனைவியைச் சாமியின் அறைக்கு அழைத்துப்போனார் சக்கரபாணி.

சாமி பத்தியை நெடுநேரம் பார்த்தார். "ஸ்லோ," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னாங்க சொல்றாரு?"

"மனச அடக்கி மெதுவாப் படிக்கணுமாம்."

வீட்டில் மாதிரித் தாளை மெதுவாகப் படித்தாள். நேரம் முடிந்தபோது பாதித் தாள் மிச்சமிருந்தது.

அடுத்த முறை ஒரு கடினமான வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்கள். சாமி நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

"அர்த்தம் நமக்குள்ளயே இருக்குதாம்!" உருகிப்போன சக்கரபாணி அகராதியைப் பரண்மேல் போட்டார். அதன்பின் யமுனாவுக்குத் தெரிந்த வார்த்தைகள் மேலேயே சந்தேகம் வந்தது.

"ஏங்க, இவரு ரொம்பக் கம்மியாப் பேசறாரே?"

"ஞானம் ஜாஸ்தியானா பேச்சு கம்மியாயிடும்."

"நீங்க நாள்பூராப் பேசறப்பவே நெனச்சேன்."

கடைசி வாரம், மூன்று விடைகளில் எதைப் போடுவது என்று கேட்டார்கள். சாமி இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

"உலகமே மாயைன்றாரு. எல்லாத்துக்கும் தகவல் இல்லைன்னே போடு," என்றார் சக்கரபாணி.

போட்டுப் பார்த்தாள். முன்பு வாங்கிய மார்க்கும் போயிற்று.

தேர்வு நாளன்று இருவரும் சென்னையில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். தேர்வு மைய வாசலை நெருங்கியபோது, தாடியைச் சீவி, சட்டையை இன் செய்துகொண்டு சாமி உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்.

சக்கரபாணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பாத்தியா! பேப்பர் திருத்தறதுக்கே நம்ம சாமியத்தான் கூப்புட்டிருக்காங்க!"

கேட்டில் நின்ற வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

"அவரா? பாவங்க, அவங்க ஊர்ல இங்கிலீஷே பேச மாட்டாங்களாம். ஒவ்வொரு தடவையும் இந்தப் படிக்கிற பேப்பர்லயே ஃபெயிலாயி, மறுபடி எழுத வந்துடறாரு."