குஷன் கட் வைரமும் கனாக்காரரின் மத்தியானத் தூக்கமும்

உலகத்தில் தூங்கியே பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் அறந்தாங்கி கனாக்காரர்தான். அரசாங்க அலுவலகங்களை நினைத்துக்கொண்டு யாராவது மறுக்க வந்தால் கொஞ்சம் பொறுங்கள். அங்கே தூங்குகிறவர்கள் எழுந்து வந்து என்ன கண்டோம் என்று சொல்வதில்லை. இவர் சொல்வார். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு நமக்குத் தூக்கம் வராது.

வைரம் வாங்கியவர்களுக்குத் தெரியும். தங்கம் மாதிரி வாங்கின கையோடு போட்டுக்கொண்டு கிளம்புகிற சமாசாரம் இல்லை அது. நமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்க வேண்டும். கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம், கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார். ஆனால் இப்போது யாருக்குக் கனவு வருகிறது? கண் மூடுகிறவரை போனைப் பார்க்கிறோம், கண் மூடியதும் அலாரம் அடிக்கிறது. அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் அந்த வேலையை மொத்தமாகக் கனாக்காரரிடம் விட்டுவிட்டார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செராக்ஸ் கடை வைத்திருந்தார். ஒல்லியான ஆள், எப்போதும் வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, செராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து பெஞ்சில் படுப்பார். அன்றைக்கு யாருடைய வைரமாவது வந்திருந்தால் துண்டு நுனியில் முடிந்து கழுத்துக்கு அடியில் வைத்துக்கொள்வார். ராத்திரிக் கனா நம் வயிற்றோடு சம்பந்தப்பட்டது, மத்தியானக் கனாதான் கல்லோடது என்பது அவருடைய கட்சி. கூலி கிடையாது. ஆனால் எழுந்தவுடன் அகோரமாகப் பசிக்கும். பக்கத்து ஓட்டலில் ஒரு நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அதைத் தின்று முடித்த பிறகுதான் கனவைச் சொல்வார். அதுவரை நம் வீட்டு ஆட்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

கீரமங்கலத்து டீச்சர் ஒருவர் மூக்குத்திக் கல் கொடுத்திருந்தார். ஒரு வீட்டு வாசல்ல பச்சைக் கலர் கேட், அதுக்கு முன்னாடி ஒரு நாய் முதுகைக் காட்டிப் படுத்திருக்கு, கூப்பிட்டால் திரும்ப மாட்டேங்குது என்றார் கனாக்காரர். டீச்சர் வீட்டில் பச்சைக் கேட்டும் இல்லை, நாயும் இல்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார். சில மாதம் கழித்து அந்தம்மாள் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு வீடு பார்த்துவிட்டு வந்து காட்டக் கூட்டிப்போனார். பச்சைக் கேட். முன்னால் நாய், முதுகைக் காட்டிக்கொண்டு. டீச்சர் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லையாம். அன்றைக்கே மூக்குத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் அவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான் அந்தம்மாளை இன்றுவரை பயமுறுத்துகிறது. நாய் எப்போது திரும்பும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

பேங்க்கில் வேலை பார்த்த ஒரு பையன் இவரைச் சோதித்துப் பார்க்க அமெரிக்கன் டைமண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். சாயங்காலம் கனாக்காரர் சோம்பல் முறித்தபடி எழுந்து, இப்படி ஒரு தூக்கம் தூங்கி வருஷக்கணக்காச்சு தம்பி, இந்தக் கண்ணாடியை நானே வச்சுக்கிறட்டுமா என்று கேட்டார். பையன் நெய் ரோஸ்ட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனான்.

இப்படிப்பட்டவரிடம் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை கத்தாரில் இன்ஜினியர். பெண் பார்க்க வந்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. பஜ்ஜியில் உப்பு இல்லை என்று தைரியமாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் போட வேண்டும், அதுவும் குஷன் கட் வேண்டும் என்று அங்கிருந்து படம் அனுப்பினார். நாலு மூலையும் மழுங்கின சதுரம். எங்கள் ஊர் நகைக்கடையில் வட்டக் கல்லைத் தவிர வேறெதையும் யாரும் கேட்டதில்லை. கடைக்காரர் திருச்சிக்குச் சொல்லி ஒரு கல்லை வரவழைத்தார். அம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சின்னத் தலகாணி மாதிரி இருக்கு, கனாக்காரர் அண்ணனுக்குச் சௌகரியம்தான் என்றாள்.

அம்மா வேடிக்கைக்குச் சொன்னாலும் பயத்தோடுதான் சொன்னாள். என் பெரியம்மா, அம்மாவுக்கு மூத்தவள், கல்யாணத்துக்குக் காதில் வைரத் தோடு போட்டுக்கொண்டாள். யாரும் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவில்லை. ஒரு வருஷம்கூட ஓடவில்லை, பெரியம்மாவைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள். அந்தத் தோட்டை என்ன செய்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

முதல் கல்லுக்குக் கனாக்காரர் படிக்கட்டைக் கண்டார். ஈரமான படிக்கட்டு, இறங்கிக்கொண்டே இருந்தாராம், அடி தெரியவில்லையாம். முழிப்பு வந்ததால்தான் மேலே வந்தேன் என்றார். அம்மா கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடைக்காரர் இரண்டாவது கல்லை வரவழைத்தார்.

அதற்குப் படுத்து எழுந்தவர் நெய் ரோஸ்ட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை. பிறகு அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“கால்மாட்டுல உக்காந்திருந்தவுக யாரு தங்கச்சி? மெரூன் கலர்ச் சேலை. தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, ஒங்க மகளைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக.”

அம்மா கல்லை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான், பெரியம்மாவை எடுத்தபோது மெரூன் சேலைதான் கட்டியிருந்தது என்று சொன்னாள். அதுவரை எனக்கே அது தெரியாது.

திருச்சியிலிருந்து மூன்றாவது கல் வந்தது. இதற்குமேல் என்னால் முடியாது, ஊரில் உள்ள குஷன் கட் கல்லையெல்லாம் அந்த பெஞ்சுக்கே கொண்டுவந்து கொட்ட முடியாது என்று கடைக்காரர் கும்பிட்டுவிட்டார். மாப்பிள்ளைக்கு லீவு கொஞ்சநாள்தான். தன் மோதிரத்தின் மேல் ஒரு செராக்ஸ் கடைக்காரர் படுத்துத் தூங்குகிறார் என்பதைக் கூட இருக்கிறவர்களுக்குப் புரியவைக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. அம்மா மட்டும் அசையவில்லை.

“இதுவும் ஒத்துக்கலைன்னா கல்லு மேல குத்தமில்லை. இந்தச் சம்பந்தமே நமக்கு வேணாம்.”

அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் அம்மாவுக்குத் தெரியாமல் செராக்ஸ் கடைக்குப் போனேன். யாருடைய ஆதார் அட்டைக்கோ லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார். என்ன கனவு வந்தாலும் நல்ல கனவு என்று சொல்லிவிடுங்கள் மாமா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினேன். அவர் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“கனாவை மாத்திச் சொல்ல மாட்டேன் ஆத்தா. அது என் வழக்கமில்லை. மத்தியானம் ஒங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா.”

மத்தியானம் போனோம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியில் கண்ணைக் கூசுகிற வெயில், உள்ளே அரைகுறை இருட்டு. நானும் அம்மாவும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கல்லைத் துண்டில் முடிந்துகொண்டு படுத்தவர் உடனே தூங்கிப்போனார். அவர் கண்ணைப் பாதி திறந்துகொண்டுதான் தூங்குவார். அவர் தூங்குவதை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். இமைக்குக் கீழே வெள்ளை மட்டும் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது போல இருந்தது. மூச்சு விடுகிறாரா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவர் வாய் மெதுவாகத் திறந்தது. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது அது வாயைத் திறக்குமே, அப்படி. திறந்தபடியே காத்திருந்தது. பிறகு மூடியது. மறுபடி திறந்தது. யாரோ பக்கத்தில் நின்று எதையோ போடுகிற மாதிரியும், அவர் வாங்கிக்கொள்கிற மாதிரியும் இருந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பசி போல இருக்குடி என்று அம்மா முணுமுணுத்தாள், ஆனால் அவளும் என் கையை விடவில்லை.

எழுந்தவர் என்னைத்தான் முதலில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஓட்டலுக்குப் போய் ஒரு நெய் ரோஸ்ட் தின்றார். இன்னொன்று என்றார். அதையும் தின்றார். அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கை கழுவிவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்.

“நல்ல கனாதான் தங்கச்சி. ஒங்க மக கையில இந்த மோதிரம் கிடக்கு. அந்தக் கையில அரிசி இருக்கு. கை நெறைய அரிசி.”

அம்மா முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் அம்மாவாயிற்றே, அப்படியே விட்டுவிடுவாளா? மஞ்சள் தடவின அட்சதையா, இல்லை வெள்ளை அரிசியா, சரியா ஞாபகப்படுத்திச் சொல்லுங்கண்ணே என்று பிடித்துக்கொண்டாள். கனாக்காரர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். மெதுவாகக் கீழே வைத்தார்.

“எனக்குக் கனா எல்லாம் கறுப்பு வெள்ளையிலதான் தங்கச்சி வரும். கலர் தெரியாது.”

அது போதும் அம்மாவுக்கு. கை நிறைய அரிசி என்றால் அட்சதைதான், வேறென்ன என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மாவோ, மருமகள் நன்றாகச் சமைப்பாள் என்று அதற்கு அர்த்தம் சொன்னார். அது மட்டும் இன்றுவரை பலிக்கவில்லை. நிச்சயதார்த்தம் நடந்தது, கல்யாணம் நடந்தது, நான் கத்தாருக்குப் போனேன். மெரூன் சேலைக்காரி என் கனவில் வரவே இல்லை. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் செராக்ஸ் கடைக்குப் போவேன். என் கையைப் பிடித்து மோதிரத்தைப் பார்ப்பார். பத்திரமா வச்சுக்க ஆத்தா, வேலை இருக்கு என்பார். என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பயத்தில் கையை இழுத்துக்கொள்வேன்.

போன லீவில் நான் வந்து இறங்கிய மறுநாள் மத்தியானம், பெஞ்சில் படுத்த கனாக்காரர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு யாருடைய கல்லும் அவரிடம் இல்லை.

செய்தி கேட்டு ஓடினேன். வீட்டு முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். அவர் வீட்டம்மாவை அத்தை என்றுதான் நான் கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. வாய்க்கரிசி போட ஒவ்வொருத்தராகப் போனார்கள். அத்தை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தட்டில் இருந்த பச்சரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தேன். அவர் கண் பாதி திறந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. என் கையில் மோதிரம், கை நிறைய வெள்ளை அரிசி. அந்த மத்தியானம் முழுக்க அப்படியே திரும்பி வந்து என் முன்னால் நின்றது. கை நகர மறுத்துவிட்டது.

அத்தை என் காதோரம் வந்து சொன்னார்.

“போடு ஆத்தா. நீ வருவேன்னு அவுகளுக்கு அன்னைக்கே தெரியும். புள்ளை இல்லாத நமக்கு வாய்க்கரிசி போட ஒரு புள்ளை வருதுடின்னு வந்து சொன்னாக. அந்தச் சந்தோஷத்துலதான் ரெண்டு ரோஸ்ட்டு.”

“கறுப்பு வெள்ளையில கண்டேன்னு சொன்னாரே அத்தை” என்றேன்.

“அவுகளுக்கு எல்லாம் கலர்லதான் வரும். வெள்ளை அரிசின்னு சொன்னா ஒங்க அம்மா கல்யாணத்தை நிப்பாட்டிப்புடும்ல. ஆயுசுல அந்த ஒரு பொய்யிதான் சொன்னாக, ஒனக்காக.”

பச்சைக் கேட்டையும் மெரூன் சேலையையும் சொன்ன மனிதர், அரிசிக்கு மட்டும் கலர் தெரியாது என்றதை நாங்கள் இரண்டு பேரும் எப்படி நம்பினோமோ, தெரியவில்லை. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எழுந்தவுடன் அவருக்கு எப்படிப் பசிக்கும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் போட்டதைவிட ஒரு பிடி கூடவே போட்டேன்.