ஆறு நிமிடக்காரர்

எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இப்போது ஓர் ஆறு நிமிடக்காரர் இருக்கிறார். உங்களுடையதில் இல்லை என்று நினைத்தால் இரண்டாம் மாடி வரை ஏறிப் பாருங்கள். ஒரு காலத்தில் வரைபடங்கள் இருந்த அறையில், வரைபடங்களை ஏறக்கட்டிவிட்டு, நான்கு கணினிகளும் ஒரு குளிர்சாதனமும் ஒரு சுழல்நாற்காலியும் போட்டு, கதவில் 'இணையவழிக் கற்றல் வள மேம்பாட்டு மையம்' என்று பலகை மாட்டி, பலகையில் எரியும் பல்பு ஒன்றை வரைந்து வைத்திருப்பார்கள். சுழல்நாற்காலியில் இருப்பவர்தான் அவர்.

அவருடைய வேதம் ஒரே வரி. மாணவனின் கவனம் ஆறு நிமிடம்தான் நிற்கும். யார் அளந்தார்கள்? கேட்டுவிடாதீர்கள். விளக்க ஐம்பது நிமிடம் எடுத்துக்கொள்வார்.

வரலாறு, மெய்யியல், இலக்கியம், எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, படிக்காமல், எடைபோடுவது போல் கையில் தூக்கிப் பார்த்து, "இதை எப்படி உடைக்கலாம்?" என்பார். ஓர் இரங்கற்பாவை உடைத்து, சொல்லை இழுத்துப் பொருளோடு பொருத்தும் விளையாட்டாக ஆக்கினார். 'துயரம்' சரியாகப் பொருந்தினால் திரையில் வண்ணக் காகிதம் பறக்கும். மெய்யியலுக்கு ஒரு வினா தயாரித்தார். மனிதன் சுதந்திரமானவனா? அ. ஆம். ஆ. இல்லை. இ. இரண்டும். ஈ. மேற்கண்ட எதுவுமில்லை. சரியான விடை 'இ'. தவறினால் மறுபடி முயலலாம். மூன்று முறை மட்டும்.

அவர் கெட்டவரில்லை. வகுப்பெடுத்ததில்லை, அவ்வளவுதான். நீந்தத் தெரியாதவர் குளம் வெட்டுவதில் தவறில்லை. முழங்கால் ஆழத்துக்கு வெட்டிவிட்டு, இதுவரை யாரும் மூழ்கவில்லை என்று அறிக்கை அனுப்பும்போதுதான் இடிக்கிறது.

நான் அந்த மையத்தில் பதிவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். என் அம்மா மூன்றாம் மாடியில் மெய்யியல் பேராசிரியர். போன பருவத்தில் அவருடைய இருபத்திரண்டு வகுப்புகளைப் பதிவு செய்தேன். இருபத்துமூன்றாவது நடக்கவில்லை. நடத்த அம்மா இல்லை.

அம்மாவின் முறை எளியது. ஒரு கேள்வி கேட்பார். பிறகு பேசாமல் நிற்பார், யாராவது வாய் திறக்கும் வரை. ஒரு முறை நாற்பத்தொரு நொடி நின்றார். நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், தயங்கித் தயங்கி, அந்தப் பருவத்திலேயே நல்ல பதிலைச் சொன்னாள்.

ஆறு நிமிடக்காரர் அந்தப் பதிவைக் கேட்டார்.

"தம்பி, அம்மா அருமையா பேசுறாங்க. ஆனா நடுநடுவுல நிறைய சும்மா இருக்காங்க."

"பசங்க யோசிக்கட்டும்னு சார்."

"யோசிக்கிறதை வீட்ல போய் யோசிக்கட்டும். அதுக்கு நம்ம சர்வர்ல எதுக்கு இடம்?"

இரண்டு நொடிக்கு மேல் சத்தமில்லாத இடத்தையெல்லாம் தானே வெட்டும் மென்பொருள் ஒன்று அவரிடம் இருந்தது. இருபத்திரண்டையும் அதற்குள் விட்டார். வெள்ளிக்கிழமைக்குள் மூலப் பதிவுகளை அழித்துவிடும்படி என்னிடம் சொன்னார். பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அம்மா அந்த வகுப்புகளை எனக்காக எடுக்கவில்லை. அவை மாணவர்களுக்குக் கிடைக்கிற இடத்தில், முழுசாக இருக்க வேண்டும்.

புதன்கிழமை ஆறு நிமிடக்காரர் மெய்யியல் துறைத்தலைவியை அழைத்து வெட்டியதைப் போட்டுக் காட்டினார். நடுவில் இருந்த இடைவெளியெல்லாம் போய்விட்டதால் அம்மா கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனார்.

"என்ன சார் இது? திருடனை உட்கார வெச்சு குடையற மாதிரி இருக்கு."

"அதான் மேடம் வேகம். பசங்களுக்குப் பிடிக்கும்."

"இருபது வருஷம் பக்கத்து ரூம்ல இருந்தவ நான். அவங்க ஒரு நாளும் இப்படிப் பேசினதில்ல."

அவர் தாடையைத் தடவினார். யோசித்தார். யோசிப்பதற்கு இங்கே சர்வர் தேவைப்படவில்லை.

"சரி மேடம். அப்ப கேள்விங்களை எடுத்துடலாம்."

எடுத்தார். மிஞ்சியது என்ன? வணக்கம். மூன்று வரையறைகள். அடுத்த வாரம் படிக்க வேண்டிய பக்கங்கள். "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கப்பா." ஐம்பது நிமிடம், நொடி பிசகாமல் ஆறு நிமிடமாகியிருந்தது. வாழ்நாள் கணக்கெல்லாம் சரியாக வந்துவிட்ட மனிதரின் நிம்மதி அவர் முகத்தில். முகப்பில், காதில் கருவி மாட்டிச் சிரிக்கும், எந்த வகுப்பிலும் யாரும் பார்த்திராத ஒரு மாணவியின் படத்தை ஒட்டினார்.

"அம்மாவுக்கு ஒரு அஞ்சலியாவும் இருக்கும் தம்பி."

நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நொடிக்கு மேல் ஆனதும் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. "அழிச்சிட்டீங்களா?"

"அந்த இடத்துல இப்ப இல்ல சார்."

பொய் சொல்லவில்லை. இருபத்திரண்டையும் 'மையக் கூட்டக் குறிப்புகள்' என்ற கோப்புறைக்கு மாற்றியிருந்தேன். எல்லோருக்கும் திறந்திருக்கும், எவரும் திறக்காத ஒரே இடம் அது. வழியைத் துறைத்தலைவியிடம் மட்டும் சொன்னேன். அவர் மாணவர்களிடம் சொன்னார். இதுவரை முப்பத்தொரு பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். கூட்டக் குறிப்புகளை இவ்வளவு பேர் படிக்கிறார்களே என்று ஆறு நிமிடக்காரருக்கு ஒரே பெருமை. துணைவேந்தருக்கு எழுதியிருக்கிறார்.

இங்கேயே முடித்திருந்தால் நான் நல்லவனாகத் தப்பித்திருப்பேன். போன ஞாயிறு நானும் கேட்க உட்கார்ந்தேன். பதிவு செய்யும்போது ஒலி அளவுமானியைத்தான் பார்த்திருந்தேன், வகுப்பைக் கேட்டதில்லை. அம்மா கேள்வியைக் கேட்டார். நின்றார். பதினெட்டாவது நொடியில் என் விரல் முன்னே தள்ளும் பொத்தானில் இருந்தது. ஃபோனில் அம்மா பேச்சை நிறுத்தும்போதெல்லாம் "சரிம்மா, வெச்சிடட்டுமா?" என்று கேட்டதும் இதே ஆள்தான்.

ஆகவே, வாசகரே, ஆறு நிமிடக்காரரைப் பார்த்துச் சிரிக்கலாம், தடையில்லை. ஆனால் நான்காவது பத்தியிலோ ஐந்தாவது பத்தியிலோ, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தின் அடிவரை ஒரு பார்வை ஓட்டினீர்களே, அதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாம் மாடியில் இன்னொரு சுழல்நாற்காலி காலியாக இருக்கிறது.