நான் வெள்ளையடித்த பலகை

அன்பும் மரியாதையும் உள்ள அல்சீ மச்சானுக்கு,

உங்கள் தங்கச்சி வெர்டீனின் வீட்டுக்காரன் ஆர்வில், பாயு செலெஸ்ட் ஊரிலிருந்து எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம், வேனும் சுகம். ஒப்பலூசஸில் நீங்களும் உங்கள் முட்டிவலியும் சேர்ந்தே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தை ஊதாப்பூப் போட்ட ஒரு பொம்பளை நைட்டியை மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். என் ஒரே பேண்ட் கொடியில் தொங்குகிறது. செல்போன் கோபுரம் விழுந்து கிடப்பதால் உங்கள் தங்கச்சியால் இதை உங்களிடம் சொல்லிச் சிரிக்க முடியவில்லை. கோபுரம் எழுந்து நிற்பதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மானம் மிஞ்சும் பாருங்கள்.

புயல் அடித்த ஊரில் போர்டு எழுதுகிறவனுக்குப் பத்துக் கை வேண்டும் என்று நான் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். சிரித்தது சரிதான் மச்சான். இங்கே வந்து சேர்ந்தபோது எனக்குத் திறந்த வாய் மூடவில்லை, ஒரு கொசு உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. பள்ளிக்கூட வாசலில் குறுக்கே ஒரு இறால் படகு படுத்திருக்கிறது. ஓக் மரத்து உச்சியில் யாருடையதோ ஃப்ரிட்ஜ், கதவு மூடியபடி. தெருப் பெயர் எழுதிய கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. ஒரு போர்டுகூட இல்லாத ஊர், நமக்கு அடித்தது யோகம் என்று வேனை விட்டு இறங்கி முதலில் கண்ணில் பட்ட ஆளிடம் கேட்டேன். இரும்புக்கடைக்காரராம்.

"என் கடையே பக்கத்து ஊருக்குப் போயிருச்சு. போர்டை எங்கய்யா மாட்டுறது, என் நெத்தியிலயா?"

"நெத்தி அகலமாத்தாங்க இருக்கு. ரெண்டு வரி புடிக்கும்."

அவர் மண்வெட்டியை எடுப்பதற்குள் வெர்டீன் வேனைக் கிளப்பிவிட்டாள்.

மூன்று நாள் இப்படியே போய், நேற்றுக் காலையில்தான் ஸெல்மா அம்மா கிடைத்தார். சலவைக்கடை வைத்திருக்கிறார். பாதிக் கூரை மத்தி மீன் டப்பா மூடி மாதிரி சுருண்டு நிற்க, அதற்குக் கீழே நாலு மெஷின் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. "கடை திறந்திருக்குன்னு பெருசா எழுதிக் குடு பெயிண்டர். இன்னைக்கு இன்சூரன்ஸ்காரர் வந்து பாக்குறார். அடுத்த மழைக்குள்ள கூரை வரலன்னா இந்த நாலும் பழைய இரும்பு, நானும்தான்" என்று சொல்லிவிட்டு, சர்ச்சில் சிவப்புப் பயறும் சோறும் போடுகிறார்கள் என்று தூக்குப் பாத்திரத்தோடு போனார்.

வாசல் மரத்தில் ஒரு பிளைவுட் பலகை சாய்ந்திருந்தது மச்சான். முழுப் பலகை, நனையாதது, ஒரு முனைகூட உதிராதது. மேலே ஏதோ சிவப்பில் கிறுக்கியிருந்தது. இந்த ஊரில் காய்ந்த பலகை கிடைப்பது கல்யாணத்துக்குப் பெண் கிடைக்கிற மாதிரி. வெள்ளை இரண்டு பூச்சு அடித்தேன். அதன் மேல் நீலத்தில், நிழல் வைத்து, ஓரத்தில் நுரைக்குமிழ் எல்லாம் போட்டு 'ஸெல்மா சலவைக்கடை, திறந்திருக்கிறது' என்று எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி எழுதியதில்லை. அந்த நேரம் பார்த்து ஏணி கட்டிய காரில் ஒரு ஒல்லி மனிதர் வந்து, "இருநூத்திப் பதினாலாம் நம்பர் எதுங்க?" என்றார். எனக்கோ வேலை கிடைத்த குஷி. "நம்பரெல்லாம் வளைகுடாவுல நீந்திக்கிட்டு இருக்கு சார், நீங்களும் குதிச்சுப் பாருங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பட்டியலில் எதையோ அடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஸெல்மா அம்மா திரும்பி வந்து போர்டைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். தூக்குப் பாத்திரம் கையிலிருந்து நழுவி, சோறு என் காலில் விழுந்தது.

"என் பலகை எங்க?"

"இதுதாங்க. எப்படியிருக்கு?"

"அடப்பாவி! என் வீட்டு நம்பர், இன்சூரன்ஸ் நம்பர் எல்லாம் அதுலதானே எழுதி வச்சிருந்தேன்! காகிதமெல்லாம் வெள்ளத்துல போயி, அந்த ஒரு பலகைதான்டா மிச்சம்!"

புயலுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு பலகையில் நம்பர் எழுதி வைப்பதும், ஆய்வு பார்க்க வருகிறவர் அதைப் பார்த்தே வீட்டைக் கண்டுபிடிப்பதும் எனக்குத் தெரியாதா? வழியெல்லாம் பார்த்துக்கொண்டுதானே வந்தேன்! ஆனால் நல்ல பிளைவுட்டைக் கண்டால் போர்டு எழுதுகிறவன் கண்ணுக்கு எழுத்து தெரியாது மச்சான், மரம் மட்டும்தான் தெரியும். இதில் ஒல்லி மனிதரை நான் குதிக்கச் சொன்ன கதையை உங்கள் தங்கச்சி வேறு போட்டுக்கொடுத்தாள். அவர்தான் அந்த இன்சூரன்ஸ்காரர், அவரை விட்டால் அடுத்த முறை மூன்று வாரம் கழித்துத்தானாம். தெற்கே வானம் ஏற்கெனவே கறுத்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா மரம் மாதிரி நிக்கிற? ஊரெல்லாம் அம்பு போடு. அந்த ஆள் எங்க சுத்தினாலும் இங்க வந்து விழணும்" என்றாள் வெர்டீன். வேனில் இருந்த துண்டுப் பலகை இருபத்திரண்டிலும் 'இன்சூரன்ஸ்காரரே, ஸெல்மா சலவைக்கடை இந்தப் பக்கம்' என்று எழுதி அம்பு போட்டு மூலைக்கு மூலை நட்டோம். அந்த அவசரத்தில்தான் சிவப்பு பெயிண்ட் டப்பா என் மடியில் கவிழ்ந்தது. ஸெல்மா அம்மா திட்டிக்கொண்டே பேண்ட்டை வாங்கிக்கொண்டு, யாரோ வெளுக்கப் போட்டு எடுக்காமல் விட்ட இந்த நைட்டியை வீசினார்.

சாயங்காலம் வரை ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், ஒவ்வொரு அம்பையும் அவனவன் தன் வீட்டுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான்! ஒருவன் 'ஸெல்மா சலவைக்கடை'யை அழித்துவிட்டுத் தன் பெயரையே எழுதியிருந்தான். யார் என்கிறீர்கள்? அந்த அகல நெற்றிக்காரர்.

"நீ அம்பு விட்ட, ஊரு வில்லை வாங்கிக்கிச்சு" என்றாள் உங்கள் தங்கச்சி.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் ஏணிக் கார் தானாகவே வந்து நின்றது. பதினொரு வீடு சுற்றிவிட்டாராம், பாவம். "அம்மா, இங்க ஸெல்மாங்கிறது..." என்று ஆரம்பித்தவர் என் மீசையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் பெயிண்ட் கரைக்கும் தின்னரை எடுத்துப் பலகையில் ஊற்றி, நீலம், நிழல், நுரைக்குமிழ் எல்லாவற்றையும் என் கையாலேயே தேய்த்தேன். வெள்ளைக்கு அடியிலிருந்து அந்தச் சிவப்புக் கிறுக்கல் எட்டிப் பார்த்தது. வீட்டு நம்பர் கரைந்துபோயிருந்தது. இன்சூரன்ஸ் நம்பர் மட்டும் ஒன்பது எண்ணும் முழுசாக வந்தது மச்சான். ஸெல்மா அம்மா அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, தின்னரால் என்று சொல்லிவைத்தேன்.

இன்சூரன்ஸ்காரர் கூரை மேல் ஏறினார், அளந்தார், படம் எடுத்தார். "விலாசம் என்ன?" என்று மேலேயிருந்து கத்தினார். கீழே ஜெனரேட்டர் சத்தத்தில் நாங்கள் சொன்னது எட்டியதோ என்னவோ, எட்டிப் பார்த்துத் தலையாட்டி எழுதிக்கொண்டார். இன்று காலையிலேயே காகிதம் வந்துவிட்டது. கூரைக்கு அனுமதி, அவசர வேலையாக வியாழக்கிழமையே ஆள் வருவார்கள். அந்த அம்மா என்னை மன்னித்து, நண்டு போட்ட கம்போக் குழம்பு ஒரு சட்டி ஆக்கிப் போட்டார். ஊரில் இப்போது என் எழுத்துக்கு நல்ல பெயர். ஆளாளுக்கு அம்பு கேட்கிறார்கள். ஆகவே நீங்கள் பலகையும் பெயிண்ட்டும் ஏற்றிக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும்.

உங்கள் முட்டிக்கு மாதா அருள் உண்டாகட்டும். நாயைத் தடவிக்கொடுக்கவும்.

இப்படிக்கு,
நைட்டியிலும் மரியாதை குறையாத
ஆர்வில்

பின்குறிப்பு: புறப்பட வேண்டாம். வெர்டீன் இப்போதுதான் அந்தக் காகிதத்தை முழுசாகப் படித்தாள். இன்சூரன்ஸ் நம்பர் சரி, ஸெல்மா அம்மா பெயரும் சரி. விலாசம் மட்டும், கடை வாசலில் நின்ற வேனின் கதவில் நம் தொழிலுக்கென்று நான் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கும் உங்கள் வீட்டு விலாசம்; மேலேயிருந்து அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். மாற்றச் சொல்லி இன்சூரன்ஸ்காரரைத் தேடிக்கொண்டு உங்கள் தங்கச்சி வேனில் போயிருக்கிறாள். அவள் பிடிப்பதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டால், வருகிறவர்களை எங்களிடம் திருப்பி அனுப்பவும். ஆறு பேர் காலை ஏழு மணிக்கு வந்து பழைய கூரையைப் பிரிப்பார்களாம். ஏணி அவர்களே கொண்டுவருவார்கள்.