ஆயுள் கேரண்டி

சுத்தியலை ஓங்கிய ஆர்லோ, அடிப்பதற்கு முன் ஒரு தடவை கராஜ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டார். மொன்டானாவில் அவர் வீட்டைச் சுற்றி அறுத்துப்போட்ட கோதுமை வயலைத் தவிர ஒரு ஈ காக்காய் கிடையாது. இருந்தாலும் தப்புப் பண்ணுகிறவனுக்குக் கொஞ்சமாவது பயம் வேண்டுமே!

ஒரே போடு. சுட்ட தோட்டாக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பும் கை பிரஸ்ஸின் ஸ்பிரிங் தெறித்துப் போய்க் காப்பிக் கோப்பையில் விழுந்தது. ஆர்லோ கையைத் துடைத்துக்கொண்டு பிரஸ் செய்த கம்பெனிக்குப் போன் போட்டார்.

"ஹலோ, மொன்டானாவிலேருந்து ஆர்லோ பேசறேன்..."

"லைன்ல இருங்க சார்," என்றது ஓர் ஆண் குரல். 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அவள்.

"என்ன ஆர்லோ, இன்னிக்கு எது போச்சு?"

"ஸ்பிரிங், வெர்னா. ரெண்டா உடைஞ்சுபோச்சு."

"போன வாரம் கைப்பிடி. அதுக்கு முந்தின வாரம் திருகாணி. நீங்க வீட்டுல பிரஸ் வச்சிருக்கீங்களா, இல்ல கரடி வளக்கறீங்களா?"

ஆர்லோ சிரித்தார். அந்த வீட்டில் அந்த வாரம் கேட்ட முதல் சிரிப்பு அது.

மனைவி காலமாகி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பாஸ்டர் கையைக் குலுக்கி, "எப்படி இருக்கீங்க?" என்பார்; பதில் வருவதற்குள் அடுத்தவர் கையைப் பிடித்திருப்பார். அடுத்த ஞாயிறு வரை ஆர்லோவோடு பேச ஃபிரிட்ஜ் ஒன்றுதான் பாக்கி. அதுவும் முனகத்தான் செய்யும்.

பிப்ரவரியில், தோட்டாக் கூட்டின் அடியில் வெடித்துத் தீர்ந்த பிரைமர் மூடியைத் தட்டி எடுக்கிற ஊசி நிஜமாகவே தேய்ந்து முறிந்தது. நாற்பத்தோரு வருஷம் உழைத்த ஊசி. எது தேய்ந்தாலும், எது உடைந்தாலும் ஆயுளுக்கும் இலவசமாக மாற்றித் தருவோம் என்பது கம்பெனியின் வாக்கு. போன் பண்ணினார். அங்கே போனை எடுத்த வெர்னா ஊசியைப் பற்றி இரண்டு நிமிஷமும், ஆர்லோவைப் பற்றி முப்பத்தெட்டு நிமிஷமும் விசாரித்தாள். போனை வைத்தபோது வீடு முன்னைவிடக் காலியாகத் தெரிந்தது.

மறுபடி கூப்பிட ஒரு காரணம் வேண்டும். ஆர்லோ பரம்பரை லூத்தரன் சபைக் கிறிஸ்தவர். வாயில் பொய் வராது. உடைந்தது என்று சொல்ல வேண்டுமானால் அது உடைந்திருக்க வேண்டும். ஆகவே உடைத்தார்.

வருஷத்துக்கு ஒரு மான், மானுக்கு ஒரு தோட்டா என்று சுடுகிற மனிதர். அலமாரியில் முந்நூறு தோட்டா தயாராக இருந்தது. பிரஸ்ஸே அவருக்குத் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

"மத்தியானம் என்ன சாப்டீங்க?" என்றாள் வெர்னா.

"டப்பா சூப்பு."

"நேத்தும் அதுதானே! ஒரு உருளைக்கிழங்கையாவது வேகப் போடக்கூடாதா?"

அவள் பக்கம் கெட்டில் கூவியது. ஒரு நாய் குரைத்தது. முன்பு அவள் பின்னால் நாலு போன் சேர்ந்து அலறும். இப்போது ஆபீஸுக்குள் நாயைக்கூட விடுகிறார்கள். நல்ல கம்பெனி என்று நினைத்துக்கொண்டார்.

அக்டோபரில், ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே புத்தம் புது பிரஸ். கூடவே மேனேஜர் கையெழுத்தில் ஒரு கடிதம்: 'எட்டு மாதத்தில் பதினோரு பாகங்கள். இப்படி ஒரு பிரஸ்ஸை நாங்கள் கண்டதில்லை. பழையதை இதே பெட்டியில் அனுப்பவும். எங்கள் இன்ஜினியர் பரிசோதிப்பார்.'

பழைய பிரஸ் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி சுத்தியல் தடம். இன்ஜினியர் பார்த்தால் முதல் கேள்வி, இத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது யார் என்பதுதான். வெர்னாவின் வேலை போய்விடும்.

அரம் எடுத்துத் தடங்களை ராவினார். தடம் போன இடமெல்லாம் புதுக்காசு மாதிரி பளபளத்தது. பளபளப்பை மறைக்கப் பச்சைப் பெயின்ட் அடித்தார். வீட்டில் இருந்தது டிராக்டர் பச்சை. பிரஸ்ஸோ பாசிப் பச்சை. ஒரே நிறமாகட்டும் என்று முழுசாக அடித்ததில், அசைகிற பாகமெல்லாம் ஒட்டிக்கொண்டு கைப்பிடி மேலே போன வாக்கில் நின்றுவிட்டது. இப்போது அது பெட்டிக்குள்ளும் போகவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போய்ச் சோறும் போயிற்று.

ஒரு வழிதான் இருந்தது. போனை எடுத்தார்.

"ஹலோ, மொன்டானாவிலேருந்து..."

"லைன்ல இருங்க சார்."

"வேண்டாங்க! அவங்ககிட்ட குடுக்காதீங்க. உங்ககிட்டதான் சொல்லணும்."

"எங்கிட்டயா?"

"முதல் ஊசியத் தவிர மிச்சம் பத்தையும் நான்தான் உடைச்சேன். சுத்தியலாலே."

"எதுக்கு சார்?"

ஆர்லோ மேஜைமேல் கிடந்த சுத்தியலை எடுத்து டிராயருக்குள் வைத்து மூடினார்.

"பேச ஆளில்லை. அதான்," என்றார் கடைசியில். "வெர்னாவுக்கு இது எதுவும் தெரியாது. அவங்க வேலைக்கு ஒண்ணும் பண்ணிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே நான் இந்த நம்பருக்கு போனே பண்ணமாட்டேன். இது சத்தியம்."



"சார், வெர்னா மார்ச் மாசமே ரிடையர் ஆயிட்டாங்களே! மொன்டானாவிலேருந்து ஆர்லோ கூப்பிட்டா மட்டும் வீட்டுக்கு லைன் குடுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. எது உடைஞ்சுதுன்னு அவங்க சொன்னா நாங்க அனுப்பிடுவோம். இன்னிக்குக் காலையிலேருந்து ரெண்டு தடவை கேட்டாச்சு, 'இன்னும் எதுவும் உடையலியா'ன்னு. லைன்ல இருங்க, குடுக்கறேன்."