ஹேர்பின் சாரும் ஒரு தூக்கு ரசமும்

உலகத்தில் எத்தனையோ பேர் பெருமாளைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வருகிறார்கள். மூலை திரும்புவதற்காகவே இந்த ஊரில் குடியேறிய ஒரே ஆத்மா எங்கள் ஹேர்பின் சார்தான். சித்திரை வீதிகளின் நாலு மூலையும் அவருக்கு ரேஸ் டிராக். ஓட்டை ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்துத் திரும்புவார். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு அந்தச் சாய்வு எதற்கு என்று அங்கே படுத்திருக்கும் மாடுகளுக்கே புரியாது.

"வடகிழக்கு மூலைல மூணு செகண்ட் போச்சுங்க. மாடு நகரலை" என்று மாடியேறும்போது எனக்கு ரிப்போர்ட் கொடுப்பார். அவர் வீட்டுக்கு நேர் கீழ் ஃபிளாட் என்னுடையது. தப்பிக்க வழியே கிடையாது.

மனுஷர் கணக்கு வாத்தியார். ரிட்டயர் ஆனதும், ஆயுளில் முதலும் கடைசியுமாக ஒரு கார் வாங்கக் கிளம்பினார். ஷோரூமில் ஒரு சிவப்பு வண்டி அவர் மனசைப் பிடித்துக்கொண்டது. குட்டி வண்டி, பேய் வேகம், உட்கார்ந்தால் கட்டாந்தரை. பக்கத்திலேயே ஒரு வெள்ளை வண்டி நின்றது. அதில் உட்கார்ந்தாலே கண் சொருகும்.

அவர் மனைவி மல்லிகா அக்கா ஞாயிறுதோறும் எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் மகளுக்கு ஒரு தூக்கு ரசம் கொண்டுபோவார். "ரசம் சிந்துற வண்டில நான் ஏற மாட்டேன். நீங்க தனியாத்தான் சுத்தணும்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

சாருக்கு முகம் செத்துவிட்டது. அக்கா இல்லாமல் அவர் கடைத்தெருவுக்குக்கூடப் போனவரில்லை.

ஆகவே பரீட்சை. இரண்டு வண்டி, ஒரு தூக்கு ஆறின ரசம், பின்சீட்டில் சாட்சியாக நான். பரீட்சை என்றால் தூக்குக்கு மூடி கூடாது என்று விதி போட்டதும் சாரேதான். நேர்மையாம்! எனக்கு டிஸ்க் தேஞ்சு போச்சு சார், விட்டுடுங்க என்று கெஞ்சினேன்.

"அதனாலதாங்க கூப்பிடறேன். உங்க முதுகைவிட நல்ல மீட்டர் எங்க கிடைக்கும்?"

வெள்ளை வண்டி காவிரிப் பாலத்தைத் தாண்டியதே தெரியவில்லை. ரசம் அசையவில்லை. அக்கா தூங்கினார். நான் தூங்கினேன். ஓட்டிக்கொண்டிருந்த சாரே கொட்டாவி விட்டார்.

அடுத்து சிவப்பு. முதல் ஸ்பீட் பிரேக்கரில் என் தலை கூரையைத் தொட்டது. இரண்டாவதில் ரசம் தொட்டது. மூன்றாவதில் ஒரு கறிவேப்பிலை வந்து என் மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. "ஐயோ, மெதுவாங்க!" என்று அலறினேன். யார் கேட்டது? சார் வண்டியோடு சேர்ந்து சாய்ந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "ரோட்டுல கிடக்கற கல்லுகூடக் கைக்குத் தெரியுதுங்க!"

எனக்கு இடுப்புக்குத் தெரிந்தது.

திரும்பி வந்து தூக்கைப் பார்த்தோம். அடியில் தக்காளித் தோல் மட்டும் இருந்தது. பாதி ரசம் அக்காவின் புடவையில், மீதி சீட்டில். சேல்ஸ்மேன் அழவில்லை, அவ்வளவுதான். சார் வெள்ளை வண்டிக்குக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் ஒரு வாரம் மூலைகளில் சாயாமல் நேராக ஸ்கூட்டர் ஓட்டினார். ரிப்போர்ட்டும் இல்லை. ஒருநாள் நானே வலியப் போய், வடகிழக்கு மூலையில் மாடு நகர்ந்ததா என்று கேட்டேன்.

டெலிவரி நாளன்று ஷோரூமில் மாலை போட்டு நின்றது சிவப்பு.

"வண்டி மாறிப்போச்சுங்க!" என்று சார் பதறினார்.

"நான்தான் ஃபோன் பண்ணி மாத்தச் சொன்னேன்" என்றார் அக்கா. "அன்னைக்கு ஒரு சிரிப்பு சிரிச்சீங்களே, அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு? ஏறுங்க."

"அப்ப ரசம்?"

"புளியும் பொடியும் எடுத்துட்டு வரேன். அங்க போய் வெச்சுக்கறேன்."

சார் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஹாரன் அடித்து என்னையும் கூப்பிடுகிறார். அந்த வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சார் ஹாரன் அடிப்பதற்கு முன்பே, இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நான் வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.